தூத்துக்குடி முதல் மணப்பாடு வரை: மூன்று நாளில் கடல், சாப்பாடு, பழங்கட்டடம்

தூத்துக்குடிக்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு ஒன்றுதான். மத்தியானம் பதநீர் கேட்பார்கள், புளித்துப்போயிருக்கும். காலையில் புரோட்டாக் கடையைத் தேடுவார்கள், அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் பனிமய மாதா கோயிலைச் சுற்றிப் பார்க்கப் போவார்கள், உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும். இந்தக் கரையில் எல்லாவற்றுக்கும் ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்தைப் பிடித்துவிட்டால் மூன்று நாள் தாராளமாகப் போதும். விட்டுவிட்டால் ஒரு வாரம் தங்கினாலும் பாதிதான் கிடைக்கும்.

எந்த மாதம், எந்தக் கிழமை

பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் முழுதாக ஏறியிருக்காது, பனையில் பதநீர் இறங்கத் தொடங்கியிருக்கும், விசைப்படகுகளும் கடலுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதும் நாட்டுப்படகு மீன் வரும். ஆனால் வரத்து குறைவு, விலை அதிகம், பெரிய மீன் பல கடைகளில் ஐஸில் கிடந்ததாகத்தான் இருக்கும். ஜூன், ஜூலையில் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, ரயில் பாதையும் சாலையும் அடித்துக்கொண்டு போயின. அந்த மாதங்களில் வருவதென்றால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

கிழமையும் முக்கியம். இங்குள்ள கத்தோலிக்க மீனவர்கள் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை. அதனால் திங்கள் மத்தியானம் தட்டில் விழும் மீன் பெரும்பாலும் சனிக்கிழமை மீன். திருச்செந்தூரில் செவ்வாய், வெள்ளி முருகனுக்கு உகந்த நாள், வியாழன் குருதலம், அதாவது குரு கிரகத்துக்கு உரிய தலம் என்று வருகிறவர்கள் கூட்டம், சனி ஞாயிறு விடுமுறைக் கூட்டம். இதையெல்லாம் கழித்தால் திருச்செந்தூருக்கு மிஞ்சுவது திங்களும் புதனும். எனவே செவ்வாய் காலை தூத்துக்குடியில் இறங்குங்கள். புதன் திருச்செந்தூர், வியாழன் மணப்பாடு. நாங்கள் சொல்லும் வரிசை இதுதான்.

திருவிழாவைப் பார்க்கவே வருகிறீர்கள் என்றால் கதை வேறு. பனிமய மாதா திருவிழா ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை. மணப்பாடு திருச்சிலுவைத் திருவிழா செப்டம்பர் 1 முதல் 14 வரை. குலசேகரன்பட்டினம் தசரா நவராத்திரியில். திருச்செந்தூர் கந்த சஷ்டி ஐப்பசியில். இந்த நாட்களில் அறை கிடைப்பதே பெரும்பாடு. கட்டடத்தை நிதானமாக நின்று பார்க்கவும் முடியாது.

வந்து சேர்வதும் தங்குவதும்

சென்னை எழும்பூரிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸ் இரவு கிளம்பிக் காலையில் தூத்துக்குடியில் இறக்கிவிடும். விமானம் என்றால் வாகைக்குளத்தில் இறங்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சாலை வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர், பஸ் அடிக்கடி உண்டு. முதல் இரவு தூத்துக்குடியில், இரண்டாம் இரவு திருச்செந்தூரில் தங்குங்கள். இரண்டு இரவும் தூத்துக்குடி என்றால் மூன்றாம் நாள் விடியற்காலையில் பனங்காட்டுக்குப் போய்ச் சேர முடியாது. பதநீர் போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாளுக்கு வாடகைக் கார் வைத்துக்கொள்வது நல்லது. திருச்செந்தூர் வரை பஸ்ஸும் ரயிலும் போதும். அதற்குத் தெற்கே உள்ள ஊர்களுக்குப் பஸ் உண்டு என்றாலும் காத்திருப்பதிலேயே நாள் கழிந்துவிடும்.

கடைக்காரர், ஆட்டோக்காரர், மீன் விற்கிறவர் எல்லாரையும் "அண்ணாச்சி" என்று கூப்பிடுங்கள். பெண்களை "அக்கா". நெல்லைச் சீமையில் அண்ணாச்சி என்ற ஒரு சொல் பாதி வேலையை முடித்துக்கொடுக்கும். காதில் விழுகிற "ஏல", "வாலே" எல்லாம் பழகியவர்களுக்குள் பேசிக்கொள்வது. புதிதாக வந்தவர்கள் எடுத்துப் பேசக்கூடாது.

முதல் நாள்: தூத்துக்குடி

காலை ஆகாரத்தை முடித்து எட்டரைக்குள் பனிமய மாதா பேராலயத்துக்குப் போய்விடுங்கள். மாதா சொரூபம் மணிலாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தது 1555-ல் என்பது ஊர் மரபு. இப்போது நிற்கும் கோயில் 1713-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1982-ல் பசிலிக்கா தகுதி கிடைத்தது. இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1658-லேயே போர்த்துக்கீசியரிடமிருந்து ஊரை டச்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். அவர்கள் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தச் சபையினர், மாதா வணக்கத்துக்கு எதிரானவர்கள். அவர்கள் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே இந்தக் கத்தோலிக்கக் கோயில் எழும்பியிருக்கிறது. முத்துக்குளித்துறை என்ற இந்தக் கரையின் மீனவச் சமூகமான பரதவர்கள் தங்கள் மாதாவை விட்டுக்கொடுக்கவில்லை என்பதற்கு இந்தச் சுவர்களே சாட்சி. தங்கத்தேர் எல்லா ஆண்டும் ஓடாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஆண்டு உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செருப்பைக் கழற்றி வையுங்கள், தோளும் முழங்காலும் மறையும் உடை போடுங்கள். பூசை நேரத்தில் நடந்து திரிந்து படம் எடுக்கக்கூடாது. பூசை முடியும் வரை பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

அங்கிருந்து டச்சுக்காரர்கள் 1750-ல் கட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயத்துக்குப் போங்கள். இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பதில்தான் பயன். பனிமய மாதா கோயிலில் சொரூபம், பீடம், அலங்காரம் என்று கண் நிறைந்துவிடும். திரித்துவ ஆலயம் சிறியது, எளிமையானது. ஒரே கடற்கரையில் ஒரே நூற்றாண்டில் எழும்பிய இரண்டு கோயில்களுக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன் என்று கேட்டுக்கொண்டு பார்த்தால் ஐரோப்பியச் சமயச் சண்டை முழுவதும் ஒரு ஆட்டோ சவாரிக்குள் புரிந்துவிடும். பிறகு பீச் ரோடு, கிரேட் காட்டன் ரோடு வழியாக நடந்து வாருங்கள். கிரேட் காட்டன் ரோடு என்ற பேரே கரிசல் பருத்தி கப்பலேறிய கதையைச் சொல்லும். 1888-ல் தொடங்கிய கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் 1908-ல் வேலைநிறுத்தம் செய்தபோது முன்னின்றவர் வ.உ.சி. அவர் 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்ததும் இதே ஊரில்தான்.

பழைய கட்டடச் சுவர்களைத் தொட்டுப் பாருங்கள். கடற்காற்றில் உப்பேறிக் காரை பொரிந்து, விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூளாக உதிரும். சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாக விழும். பழைய தெருக்களில் சிமென்ட் பூசிய சுவர் எது, சுண்ணாம்புச் சுவர் எது என்று இதை வைத்தே அடையாளம் காணலாம். ஒருகாலத்தில் மன்னார் வளைகுடாவின் பவளக்கல்லை எடுத்துச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். இன்றைக்குப் பவளப்பாறை வனவுயிர்ச் சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டது. யாராவது துண்டு ஒன்றை நினைவுப்பொருள் என்று நீட்டினால் வாங்காதீர்கள், வைத்திருப்பதே குற்றம். சங்கு வாங்கலாம். முத்தைப் பொறுத்தவரை, இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். இப்போது கடையில் "தூத்துக்குடி முத்து" என்று விற்பது வேறெங்கிருந்தோ வந்த வளர்ப்பு முத்து. அழகுக்காக வாங்குங்கள், ஊர்ப்பெருமைக்கு விலை கொடுக்காதீர்கள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்காருங்கள். ஒன்றரைக்கு மேல் நல்ல துண்டுகள் தீர்ந்துவிடும். மீன் சாப்பாடு கேட்டால் சோறு, மீன் குழம்பு, ரசம், மோர், ஒரு கூட்டு வரும். பொரித்த மீனைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் பேர்கள் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். சென்னைக்காரர்கள் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள். மத்தி இங்கே சாளை. இறாலைப் பேச்சில் றால் என்பார்கள். பாறை, விளமீன், ஊளி மூன்றும் குழம்புக்கு உகந்தவை. கிழங்கானும் நெத்திலியும் பொரித்தால் ருசி. சாப்பிட உட்காரும்போது "சீலா இருக்கா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது என்று ஐஸ் மீனை எடுத்துப் பொரித்துவிடுவார்கள். "அண்ணாச்சி, இன்னைக்கு என்ன மீன் வந்திருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் முதல் பேர்தான் அன்றைக்குக் கரையேறிய மீன். சாளையாக இருந்தாலும் அதையே வாங்குங்கள். நான்கு நாள் ஐஸில் கிடந்த சீலாவைவிட அன்றைய சாளை பத்து மடங்கு ருசி.

மீன் பழசா என்று தட்டிலேயே தெரியும். புது மீனின் சதை முள்ளிலிருந்து பெரிய இதழ் இதழாகப் பிரியும், ஓரத்தில் லேசாக மினுமினுப்பு இருக்கும். பழசு மாவாக உதிரும், நாக்கில் சுருக்கென்று ஒரு குறுகுறுப்பு தெரியும். அந்தக் குறுகுறுப்பு தெரிந்தால் அதற்கு மேல் ஒரு வாய்கூட வேண்டாம். கெட்ட மீனில் உண்டாகும் நஞ்சு பொரித்தாலும் போகாது, உடம்பெல்லாம் தடித்துவிடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் சொதி கிடைக்கிறதா என்று பாருங்கள். தேங்காயை அரைத்து மூன்று பால் எடுத்து, மூன்றாம் பாலில் காய்களையும் பாசிப்பருப்பையும் வேகவைத்து, இரண்டாம் பாலைச் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்கவிடாமல் நுரை கட்டும்போதே இறக்கி, ஆறிய பின் எலுமிச்சை பிழிவார்கள். கூட இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். கல்யாணத்துக்கு அடுத்த மறுவீட்டு விருந்துச் சாப்பாடு இது. தேங்காய்ப்பால் அவ்வளவும் செரிக்க அந்த இஞ்சி கட்டாயம் வேண்டும், ஒதுக்கி வைக்காதீர்கள். தினமும் எல்லாக் கடையிலும் இருக்காது. திருநெல்வேலியில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சாயங்காலம் நாலு மணிக்கு மக்ரூன் வாங்கப் போகலாம். பேரைப் பார்த்தால் வெளிநாட்டுப் பண்டம். ஆனால் பாதாமுக்குப் பதில் இந்தப் பக்கத்து முந்திரிப் பருப்பு சேர்ந்ததும் தூத்துக்குடிப் பண்டமாகிவிட்டது. சேர்மானம் மூன்றே: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரித்தூள். வெள்ளைக்கருவைக் கூர்கூராக நிற்கும் வரை அடித்து, சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முந்திரித்தூளைக் கையால் மெதுவாகக் கலப்பார்கள். வேகமாகக் கிளறினால் அடைபட்ட காற்று போய்த் தட்டையாகிவிடும். காகிதக் கூம்பில் நிரப்பிச் சுருள் சுருளாகப் பிழிந்து, மிதமான சூட்டில் மணிக்கணக்காக உலரவிடுவார்கள். நல்ல மக்ரூனைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. கடித்தால் மேல் ஓடு நொறுங்கும், நடுவில் முந்திரியின் லேசான பிசுக்கு இருக்கும், பிறகு வாயில் கரைந்து காணாமல் போகும். பல்லில் மிட்டாய் மாதிரி ஒட்டினால் ஈரம் குடித்தது என்று அர்த்தம். காற்றுப் புகாத டப்பாவில் கேட்டு வாங்குங்கள், ஊர் போய்ச் சேரும் வரை திறக்காதீர்கள். கடற்காற்றில் அரை மணி நேரம் திறந்து கிடந்தால் போதும், தொளதொளத்துவிடும்.

ஐந்து மணிக்குக் கடற்கரை. ரோச் பூங்கா, முத்துநகர் கடற்கரை, துறைமுகக் கடற்கரை என்று மூன்றில் ஒன்றுக்குப் போகலாம். எதிரே தீவுகள் இருப்பதால் இங்கே அலை அடங்கித்தான் இருக்கும். ஆர்ப்பரிக்கும் கடலை எதிர்பார்த்து வந்தால் ஏமாற்றமாக இருக்கும், அது மணப்பாட்டிலும் திருச்செந்தூரிலும் கிடைக்கும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் படகுக்காரர் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள்.

ஏழு மணிக்கு மேல் பொரித்த புரோட்டா. நடுவில் குழிந்த கல்லில் எண்ணெய் நிறைய விட்டு, புரோட்டாவை அதில் மிதக்கவிட்டுப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பார்கள். அப்பளம் மாதிரி நொறுங்கும். உட்கார்ந்ததும் இரண்டு சொல்லுங்கள், அதற்கு மேல் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கையால் நொறுக்கி, நடுவில் குழி செய்து சால்னாவை ஊற்றி, இருபது முப்பது எண்ணும் வரை ஊறவிடுங்கள். அடியில் ஊறியும் மேலே மொறுமொறுப்பு மிச்சமிருக்கும்போதே சாப்பிட வேண்டும். முதலிலேயே சால்னாவைக் குளம் கட்டினால் கூழாகிவிடும். சால்னா தீர்ந்தால் மறுபடி கேளுங்கள், தயங்காமல் ஊற்றுவார்கள். கூட ஒரு மட்டன் சுக்காவோ கலக்கியோ. முடித்ததும் எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடா ஒன்று. எண்ணெய்ப் பண்டத்துக்கு மேல் பால் காபி குடித்தால் இரவு முழுவதும் நெஞ்சு எரியும்.

இரண்டாம் நாள்: காயல் வழியாகத் திருச்செந்தூர்

திருச்செந்தூர் 40 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஏழரைக்கே கிளம்புங்கள். முள்ளக்காட்டுப் பக்கம் சாலையோரம் உப்பளங்கள் தெரியும். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாக நிற்கும், வரப்பில் உப்பு குவிந்திருக்கும். வேலை விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும் என்பதால் ஆட்களைப் பார்க்க இந்த நேரம்தான். வரப்பில் இறங்குவதென்றால் கேட்டுவிட்டு இறங்குங்கள். செருப்புக்கால் மண்ணை உப்பில் சேர்த்துவிடும்.

பழையகாயல்தான் மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம். சங்ககாலத்துக் கொற்கை இப்போது கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி ஒரு சிற்றூர். தாமிரபரணி கொண்டுவந்து சேர்த்த மண்தான் காரணம். கண்ணுக்குப் பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. வரலாற்றில் பற்றுள்ளவர்கள் மட்டும் வண்டியைத் திருப்பினால் போதும். ஆத்தூரில் வண்டியை நிறுத்தி வெற்றிலை வாங்குங்கள். புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை, காரம் தூக்கலாக இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் உதவும்.

காயல்பட்டினத்தில் ஒன்றரை மணி நேரமாவது செலவிடுங்கள். இங்குள்ள பழைய பள்ளிவாசல்களில் கும்மட்டத்தைத் தேடாதீர்கள். கல்தூண், தூணின் தலையில் கூரையைத் தாங்கும் போதிகை, கல்கூரை என்று பாண்டிய நாட்டுக் கோயில் மண்டபத்தின் கட்டுமுறையிலேயே, உருவம் இல்லாமல் கொடியும் பூவும் கோலமும் செதுக்கிக் கட்டியிருக்கிறார்கள். கோயில் கட்டிய கைகளின் பழக்கம்தான் பள்ளிவாசலிலும் தெரிகிறது. தூண் மேலிருக்கும் போதிகையை உற்றுப் பாருங்கள். மறுபடி சாயங்காலம் திருச்செந்தூர்ப் பிரகாரத்தில் நிற்கும்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். உள்ளே போகப் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டும். தொழுகை நேரத்திலும் வெள்ளி மத்தியானமும் கேட்கவே வேண்டாம். பெண்கள் எந்தப் பகுதி வரை போகலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வீடுகளுக்கு இடையே ஓடும் ஒடுங்கிய சந்துகளுக்கு முடுக்கு என்று பேர். பெண்கள் தெருவுக்கு வராமலே வீட்டுக்கு வீடு போய்வர விட்ட வழி அது. ஆண்கள் அதற்குள் நுழைவதோ படம் எடுப்பதோ தவறு.

காயலின் களறிச் சாப்பாடு, நெய்ச்சோறும் களறிக்கறியும் கத்திரிக்காயும் சேர்ந்த கல்யாண விருந்து. கடையில் அந்த ருசி அபூர்வம். வட்டிலப்பம் கிடைத்தால் விடாதீர்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் இனிப்பும் கலந்து ஆவியில் வேகவைத்தது. நல்ல வட்டிலப்பத்தை வெட்டினால் உள்ளே சின்னச் சின்ன ஓட்டைகள் தேன்கூடு மாதிரி இருக்கும்.

திருச்செந்தூரில் மத்தியானம் அறை எடுத்து ஓய்வெடுங்கள், மூன்று மணிக்கு மேல் கோயிலுக்குக் கிளம்புங்கள். காரணம் உண்டு. பொதுவாகக் கிழக்கு நோக்கிய சன்னதிக்கு ராஜகோபுரமும் கிழக்கே இருக்கும். இங்கே கிழக்கே கடல், அதனால் கோபுரம் மேற்கே. ஒன்பது நிலை, 137 அடி. மேற்கு வெயில் அதன் மேல் விழுவது பிற்பகலில்தான், சுதைச் சிற்பங்களின் நிழல் ஆழமாக விழுந்து எல்லாம் எடுப்பாகத் தெரியும். மேலக்கோபுர வாசல் பெரும்பாலும் மூடியேதான் இருக்கும். கோபுரத்தை வெளியே நின்று பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

முறை இது: முதலில் கடலில் குளியல், அடுத்து நாழிக்கிணறு, அப்புறம் தரிசனம். நாழிக்கிணறு கடலிலிருந்து எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தும் உப்புக் கரிக்காது. மணற்கல்லுக்குள் ஊறி வரும் நல்ல தண்ணீர் கனம் குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு மேல் மிதந்து நிற்கும் என்பதே அதன் விளக்கம். படி வழுக்கும், கைப்பிடியை விடாதீர்கள். கடலில் கூட்டம் குளிக்கும் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், பாறை உண்டு. செல்போன் உள்ளே கொண்டுபோகத் தடை, பாதுகாப்பு அறையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்ற வேண்டும். பன்னீர் இலையில் மடித்துத் தரும் விபூதியை வாங்காமல் வராதீர்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் இந்தக் கோயிலைக் கோட்டையாக்கிச் சண்முகர் சிலையைத் தூக்கிக்கொண்டு போனதும், நாயக்கர் ஆட்சியின் அதிகாரியான வடமலையப்ப பிள்ளை அதை மீட்டு வந்ததும் முதல்நாள் பார்த்த திரித்துவ ஆலயத்தின் மறுபக்கக் கதை. வடக்கே கடற்கரையை ஒட்டி மணற்கல்லில் குடைந்த வள்ளிக்குகையும் உண்டு.

வெளியே வந்ததும் சுக்குக் காபி. பால் இல்லாமல் கருப்பட்டி போட்டது கேளுங்கள். தை மாதத்தை ஒட்டி வந்திருந்தால் அவித்த பனங்கிழங்கு கட்டுக்கட்டாக விற்கும். தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தையும் நாரையும் எடுத்துவிட்டுச் சாப்பிட வேண்டும்.

மூன்றாம் நாள்: பனங்காடும் மணப்பாடும்

ஆறரைக்குக் கிளம்பி உடன்குடிப் பக்கம் போங்கள். பதநீரை இங்கே பதனி என்பார்கள், பயினி என்பார்கள். பனை ஏறுகிறவர் முட்டி என்ற மண்கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டுவார். அந்தச் சுண்ணாம்புதான் புளிக்கவிடாமல் காக்கிறது. அது இல்லாவிட்டால் கள், தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. இறக்கிய பதநீர் ஒன்பது மணிக்குள் குடித்தால்தான் அமிர்தம். அதற்கு மேல் நுரை கட்டும், பத்துப் பதினொன்றுக்குப் புளிப்பு ஏறும். பச்சை ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுப்பார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, ஓரத்தில் வாய் வைத்துக் குடியுங்கள். முதலில் ஓலை வாசம், அப்புறம் இனிப்பு, கடைசியில் அடித்தொண்டையில் சுண்ணாம்பின் லேசான காரம். நுங்கு கிடைத்தால் அதையும் உள்ளே போட்டுக்கொள்ளலாம். பழக்கமில்லாதவர்கள் ஒரு பட்டையோடு நிறுத்துங்கள். மூன்று நான்கு குடித்தால் வயிறு இளகி, அன்றைய பயணமே கெட்டுவிடும்.

உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்றது. பதநீரைக் காய்ச்சிப் பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி எடுப்பார்கள். அதனால்தான் அந்த அரைவட்ட வடிவம். வாங்கும்போது ஒன்றை உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். உடைத்த இடத்தில் சீனிப் பரல் மினுங்கினால் கலப்பு. விலை சந்தேகமாகக் குறைவாக இருந்தாலும் கலப்பு. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறி இறங்கும் உழைப்பும் விறகும் தெரிந்தவர்கள் பேரம் பேச மாட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோய் மழைக்காலத்தில் கசிந்தால் பயப்பட வேண்டாம், நல்ல கருப்பட்டி ஈரம் இழுக்கும். ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்பங்கரையில் உலர்ந்த இடத்தில் வையுங்கள். போகிற வழியில் செக்கச்சிவந்த தேரி மணலும் தெரியும். வண்டியை மணலில் இறக்காதீர்கள், சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் தேட வேண்டியிருக்கும்.

எட்டரைக்கு மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்று, உச்சியில் திருச்சிலுவை ஆலயம். புயலில் தப்பிய போர்த்துக்கீசியர்கள் உடைந்த பாய்மரத்தைச் சிலுவையாக்கி நட்டது 1540-ல் என்பது ஊர் மரபு. கோயில் 1581-ல் எழுந்தது. 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பாதிரியார் புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகை குன்றின் கடல் பக்கச் சரிவில் இருக்கிறது. முதலில் அங்கே இறங்குங்கள், வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். பிறகு மேலேறிக் கோயில், கடைசியாக ஊருக்குள் வந்து பரிசுத்த ஆவி ஆலயத்தின் ஓங்கிய கோதிக் கோபுரங்கள். தெருவில் நிற்கும் பெரிய வீடுகள் கொழும்பு வியாபாரத்தில் சம்பாதித்தவர்கள் கட்டியவை. தூண்வைத்த முகப்பும் வளைவுச் சன்னலுமாகப் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. வெளியிலிருந்து பாருங்கள், ஆள் இருந்தால் கேட்டுப் படம் எடுங்கள். ஊர்ப் பெண்கள் முடையும் பனையோலைப் பெட்டிகள் இங்கே வாங்க வேண்டிய பொருள்.

ஆறு கடலைத் தொடும் பொழிமுகத்தில் தண்ணீர் இடுப்பளவுதானே என்று இறங்கக் கூடாது. ஆற்றிழுப்பும் கடலிழுப்பும் சேரும் இடம், அடிமணல் காலுக்குக் கீழே நழுவும். குளிக்க ஆசைப்பட்டால் எங்கே இறங்கலாம் என்று வலை காயவைக்கும் மீனவரிடம் கேளுங்கள். மணப்பாட்டில் சாப்பாட்டுக் கடை குறைவு. தண்ணீரும் பழமும் கையில் இருக்கட்டும், மத்தியானச் சாப்பாட்டை உடன்குடியிலோ திசையன்விளையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் இருந்தால் உவரிக் கடற்கரையைத் தொட்டுக்கொண்டு இடையன்குடிக்குப் போங்கள். 1841-ல் வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்த பாதிரியார், தமிழறிஞர் கால்டுவெல் கட்டிய தேவாலயம் அங்கே உண்டு. 1847-ல் தொடங்கி 1880-ல்தான் முடிந்தது. அவர் கல்லறையும் உள்ளேயே இருக்கிறது, வாழ்ந்த வீடு நினைவில்லம். பாஞ்சாலங்குறிச்சியைப் பழைய கோட்டை என்று நினைத்து இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள். கட்டபொம்மனின் கோட்டையை வெள்ளைக்காரர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள், இப்போது நிற்பது 1974-ல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை.

மாலை ஐந்துக்குத் திருநெல்வேலி டவுன் வந்து சேர்ந்தால் நெல்லையப்பர் கோயில் எதிரே அல்வாவுக்கு வரிசை தொடங்கியிருக்கும். நூறு கிராம் சூடாக இலையில் வாங்கி அங்கேயே நின்று சாப்பிடுங்கள், தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். மேலே ஒரு கை மிக்சர். ஊருக்கு வாங்கும் பொட்டலம் நெய்யைக் கசியவிடும். பாலித்தீன் பையில் தனியாகக் கட்டி, துணிகளிலிருந்து விலக்கி, நிமிர்த்தி வையுங்கள். மக்ரூன் டப்பாவை அதன் மேல் வைக்காதீர்கள், அல்வாவின் சூட்டில் டப்பாவுக்குள் வேர்த்து மக்ரூன் இளகிவிடும். வீட்டுக்குப் போனதும் அல்வாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், இறுகிப்போகும். வெளியிலேயே சில நாள் நன்றாக இருக்கும்.